பிள்ளைகளின் தட்டில் வைக்கப்பட்ட தவக்காலம்: விடுதி நடத்தும் கன்னியர் இல்லத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாகாணத் தலைவி அவர்களுக்கும், வளாக இல்லத் தலைவி மதர் அவர்களுக்கும்,

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலமான தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரம் விடுதிப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். தவக்காலம் முழுக்க, ஞாயிறும் சேர்த்து, விடுதியில் மீனும் முட்டையும் கிடையாது. புதனும் வெள்ளியும் மதியம், இரவு இரு வேளையும் கஞ்சி. காலை நாலரைக்கு எழுந்து சிற்றாலயத்தில் தியானம். வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்கரையில் சிலுவைப்பாதை, அதாவது ஆண்டவரின் பாடுகளைத் தலம் தலமாக நின்று தியானிக்கும் செபம். இரவு ஒன்பதிலிருந்து பேசா நேரம். மளிகையில் மிச்சமாகும் பணம் தவக்காலக் காணிக்கைக்கு. ஆறாம் வகுப்பா பன்னிரண்டாம் வகுப்பா, கத்தோலிக்கரா வேறு சமயமா, படிக்க வந்தவரா சமையலறையில் வேலைக்கு வந்தவரா என்ற பேதமே இல்லாமல் எல்லோருக்கும் இதே ஒழுங்கு. நேரில் கேட்டதற்கு "நாற்பது நாள்தானே" என்று பதில் வந்தது. அதனால் எழுத்தில் கேட்கிறோம்.

இதில் கையெழுத்திடுபவர்கள் கடற்கரை ஊர்களில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்கள், விடுதியில் உலை வைப்பவர்கள், பாம்பன், தங்கச்சிமடம் முதல் மூக்கையூர், காரங்காடு வரை பல ஊர்களிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர். ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கு) எங்களுக்குப் புதிதில்லை. ஞானோபதேசத்தில் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுப்பதே எங்களில் சிலர்தான். ஆகவே திருச்சபை எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

திருச்சபைச் சட்டம் 1251, 1252 இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்தவர்களுக்கு, அதுவும் 60ஆம் வயது தொடங்கும்வரை. கட்டாய ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அந்த நாட்களிலும் ஒரு வேளை முழுச் சாப்பாடு உண்டு, மற்ற இரு வேளை சிறிதளவு உண்ணலாம். சுத்தபோசனத்தில் விலக்கப்படுவது இறைச்சி. முட்டையும் பாலும் விலக்கில் இல்லை என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் வெளியிட்ட ஒழுங்கிலேயே தெளிவாக இருக்கிறது. மீனுக்கும் தடை இல்லை. தண்ணீர் குடிப்பதற்கோ, நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பில்கூடத் தடை கிடையாது. மருந்துக்கும் அப்படியே. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கடும் உடலுழைப்பில் இருப்பவர்கள் ஆகியோரை விலக்கிவைப்பதும் வெகுகால மரபு.

ஞாயிறு விஷயத்தில் சுற்றறிக்கை கணக்கிலேயே பிசகியிருக்கிறது. இந்த ஆண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. இடையில் உள்ளவை 46 நாட்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது வரும். ஆண்டவரின் உயிர்ப்பு நாள் என்பதால் ஞாயிறு நோன்பு நாளாகாது. கஞ்சிக்குக் குறித்த புதன்களில் ஒன்று மார்ச் 25. அன்று, மரியாவுக்கு வானதூதர் இயேசுவின் பிறப்பை அறிவித்ததைக் கொண்டாடும் மங்கள வார்த்தைப் பெருவிழா. பெருவிழா வெள்ளியில் விழுந்தால் சுத்தபோசனமே விலகிவிடுகிறது என்றால், புதனில் விழும் பெருவிழாவுக்குக் கஞ்சி எந்தக் கணக்கு?

சபை ஒழுங்கு இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. அது துறவற வாக்குறுதியான வார்த்தைப்பாடு கொடுத்தவர்களைக் கட்டுப்படுத்தும். விடுதியில் சேரும் பிள்ளை வார்த்தைப்பாடு எதுவும் கொடுப்பதில்லை, சேர்க்கைப் படிவத்தில்தான் கையெழுத்துப் போடுகிறது.

இனி கஞ்சி. சமையலறையில் இப்போது நூறு பிள்ளைகளுக்கு வேளைக்கு 5 கிலோ அரிசியும் 1 கிலோ பாசிப்பயறும் உலையில் விழுகின்றன. தொட்டுக்கொள்ளத் துவையல் கொஞ்சம், இல்லாவிட்டால் ஊறுகாய். தலைக்கு 50 கிராம் அரிசி, 10 கிராம் பயறு. துவையலையும் சேர்த்துப் பார்த்தால் வேளைக்குச் சுமார் 250 கலோரி. காலை மூன்று இட்லி சாம்பாருடன் 300, மாலைத் தேநீர் 80. கஞ்சி நாளில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது மொத்தம் 900 கலோரிக்குப் பக்கம், புரதம் 20 கிராமுக்குப் பக்கம். 13 முதல் 15 வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2400 கலோரியும் 43 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. வாரத்தில் இரண்டு நாள் பாதிக்கும் கீழே. மற்ற ஐந்து நாளும் மீன், முட்டை இல்லாததால் அந்தக் குறையை ஈடுகட்டவும் வழியில்லை.

காகிதத்தில் உள்ள இந்த அளவும் தட்டுக்கு வந்து சேர்வதில்லை. பத்தரைக்கு இறக்கிய கஞ்சி பன்னிரண்டரைக்குள் இறுகிவிடும். கரண்டியில் விழவேண்டும் என்று வெந்நீர் ஊற்றுகிறார்கள். வரிசை நீள நீள இன்னொரு குடம் ஊற்றுகிறார்கள். முதலில் நிற்பவருக்குப் பருக்கை, கடைசியில் நிற்பவருக்குத் தண்ணீர். ருசிக்காக ஊறுகாயை அள்ளுவதால் உப்பு ஏறுகிறது, தாகமும் கூடுகிறது. மதியத்தில் மீந்ததை இரவுக்கு எடுத்துவைக்கச் சொல்வது இதைவிட மோசம். மாசி, பங்குனி வெக்கையில் நான்கைந்து மணி நேரம் மூடிவைத்த சோற்றுக்கஞ்சி கெட்டுப்போகும், திரும்பச் சூடாக்கினாலும் வயிற்றைக் கலக்கும். கஞ்சி வைத்தே தீருவதென்றால் இரவுக்குத் தனி உலைதான்.

பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். கஞ்சி நாளில் மாத்திரை கொடுப்பதும், குமட்டுகிறது என்று பிள்ளைகள் அதைத் துப்பிவிடுவதும், பிறகு இரத்தச்சோகை என்று நாம் எல்லோரும் கவலைப்படுவதும் ஒரே சங்கிலி. போதாததற்கு, பள்ளிச் சத்துணவில் வரும் முட்டையைப் புதனும் வெள்ளியும் வாங்க வேண்டாம் என்று வகுப்பில் சொல்லப்படுகிறது. அந்த முட்டை அரசு அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது. ஒறுத்தலின் பெயரால் அதைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை.

வெள்ளிக்கிழமை மீனைப் பற்றிச் சங்கடத்தோடுதான் எழுதுகிறோம். இல்லத்தின் உணவறைக்கு அன்று சீலாவோ பாறையோ போகிறது. சட்டப்படி அதில் பிழை இல்லை. வயதான சகோதரிகளும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதிலும் எங்களுக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் மீன் பிடிக்கிற ஊரில் சீலா மீன் சாப்பிட்டு இறைச்சியை ஒறுத்தோம் என்பது, உள்ளூர்க்காரர்கள் சிரிக்காமல் கேட்கக்கூடிய பேச்சில்லை. அதே சமையலறையிலிருந்து அதே மதியம் பிள்ளைகளுக்குத் தண்ணிக் கஞ்சி போகிறது. சூடை, காரல், நெத்திலி என்று இங்கே மலிவாகக் கிடைக்கும் பொடிமீன்களில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, முள்ளோடு மெல்லக்கூடியவை அவை. ஒறுத்தல் வேண்டுமானால் தட்டுகளை மாற்றிப் பாருங்கள். வெள்ளியன்று உணவறைக்குப் பருப்புக் கஞ்சி, விடுதிக்குச் சூடைக் குழம்பு.

விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கே அடுப்பு முன்னால் நிற்கும் சமையல் பெண்களுக்கும் இதே கஞ்சிதான் அளக்கப்படுகிறது. நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டாவை இறக்குவதும் இட்லிக் கொப்பரையைத் தூக்குவதும் கடும் உடலுழைப்பில் சேராது என்றால், வேறு எது சேரும்? காவலாளிகளுக்கும் தோட்ட வேலைக்காரர்களுக்கும் இதே நிலைதான். சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு என்று சொல்லித்தான் இவர்களை வேலைக்கு எடுத்தீர்கள். சாப்பாட்டைக் குறைத்தால் கூலியைக் குறைத்ததாகத்தான் அர்த்தம். சாம்பல் புதனை அடுத்த வெள்ளியின் திருப்பலியில் முதல் வாசகம் எசாயா 58ஆம் அதிகாரம். நோன்பு நாளில் தங்கள் வேலையாட்களை வாட்டுகிறவர்களைப் பார்த்து இறைவாக்கினர் பேசுவது அதில்தான் வருகிறது. அந்த வாசகம் வளாகச் சிற்றாலயத்திலும் வாசிக்கப்பட்டது. அன்று மதியம் அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததும் கஞ்சிதான்.

அடுத்தது பணம். மளிகையில் மிச்சமாவது சபையின் பணமில்லை. படகுக் கூலியிலும் உப்பளக் கூலியிலும் கருப்பட்டி விற்ற காசிலும் பெற்றோர் கட்டிய உணவுக் கட்டணம் அது. ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது; விசைப்படகில் போகும் வீடுகளில் அந்த இரண்டு மாதம் வரும்படி நின்றுபோகும். தடைக்கு முந்தைய இந்த வாரங்களில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணத்தை எடுத்து உண்டியலில் போட்டு, வளாகத்தின் காணிக்கை என்று ஃபிளெக்ஸ் வைப்பது சரியில்லை. சாம்பல் புதன் நற்செய்தியே, நோன்பையும் தர்மத்தையும் ஊரறியச் செய்யாதே என்பதுதான்.

பொதுத்தேர்வு நடக்கும் மாதத்தில் நாலரை மணி எழுப்பலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரவு ஒன்பதோடு பேச்சு நின்றுவிடுவதால் சேர்ந்து படிக்கும் பிள்ளைகள் சந்தேகம் கேட்கவும் முடிவதில்லை. பேசா நேரம் துறவற வாழ்வில் அருமையான வழக்கம். வேதியியல் தேர்வுக்கு முந்திய இரவில் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை.

சிலுவைப்பாதைக்குச் சட்டத்தில் குறித்த மணி எதுவும் இல்லை. மூன்று மணி என்பது ஆண்டவர் இறந்த வேளையை நினைக்கும் பக்தி வழக்கம். பதினான்கு தலங்கள், தலத்துக்கு ஐந்து நிமிடம், நடையும் பாட்டும் சேர்ந்தால் ஒன்றேகால் மணி நேரம். பங்குனி வெயிலில் அந்த நேரத்து மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. கரையில் இருப்பது பனையும் உடைமரமும், நிழல் என்று ஒதுங்க ஒன்றுமில்லை. மரச்சிலுவையை முறைவைத்துத் தூக்கச் சொல்கிறீர்கள், தண்ணீர்ப் பாட்டில் எடுத்துவரக் கூடாது என்கிறீர்கள். மயங்கி விழுவது பெரும்பாலும் மதியம் கஞ்சி குடித்துவிட்டு வரிசையின் நடுவில் நிற்கும் பிள்ளைகள்தான். காற்று படாமல் நெருக்கி நிற்பதும், முழங்காலிலிருந்து சட்டென்று எழுவதும் காரணம். இங்கே மார்ச் மாதத்தில் சூரியன் ஆறேகாலுக்கு மேல்தான் இறங்குகிறது. ஐந்தேகாலுக்குத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும். பள்ளித் தாழ்வாரத்தில் தூண்களும் வரிசையாக இருக்கின்றன, அவற்றில் தலங்களை மாட்டினால் மழையோ வெயிலோ கவலையில்லை.

குருத்து ஞாயிறு மார்ச் 29. அறுநூறு குருத்தோலை இலவசமாக வேண்டும் என்று பனையேறிகளிடம் கேட்டிருப்பதாக அறிகிறோம். இது பதநீர்க் காலம். பாளை சீவும் மரத்தில் குருத்தை வெட்டினால் மரமும் வாடும், அந்த வீட்டு வரும்படியும் வாடும். பனைக்கு ஒரே குருத்துத்தான். மாதத்துக்கு ஓர் ஓலை என்ற அளவில்தான் விரியும். முழுக் குருத்து அறுநூறு தேவையே இல்லை. ஒரு குருத்தைப் பிரித்தால் ஐம்பதுக்கு மேல் கீற்று வரும். பன்னிரண்டு, பதினைந்து குருத்து போதும், சீவாத மரத்திலிருந்து, காசு கொடுத்து. பழைய குருத்தோலைகளை எரித்துத்தான் அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறோம் என்பதால், அவற்றைப் பத்திரப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். இந்த ஆண்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசியதில் சில பிள்ளைகளுக்கு நெற்றி எரிந்தது. ஓலைச் சாம்பல் நீர்பட்டால் காரமாகும், தோலை அரிக்கும். நன்றாகக் காய்ந்த ஓலையை இரும்புச் சட்டியில் எரித்து, தழல் அடங்கும்முன் மூடிவிட்டால் கரி கருப்பாக நிற்கும். ஆறியபின் இடித்து மெல்லிய துணியில் சலித்து, உலர்வாகவே இடவேண்டும். ஒட்டவில்லை என்றால் இரண்டு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு ரமலானும் சாம்பல் புதனும் ஒரே வாரத்தில் வந்தன. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை முழுவதும் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்கிறது. அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு, ஊரே வந்தாலும் காணும் அளவுக்குக் காய்ச்சி, வாளியோடு வருகிறவர் எந்தச் சமயம் என்று கேட்காமல் ஊற்றுகிறார்கள். வயது வராத பிள்ளைக்கும் நோயாளிக்கும் அங்கே நோன்பு கடமையில்லை. நம் வளாகத்திலோ, விடுதியில் தங்கியிருக்கும் முஸ்லிம் பிள்ளைகள் ஸஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு, ஒன்றும் கிடைக்காமல் முந்தின நாள் ரொட்டியை எடுத்துவைத்துச் சாப்பிடுகிறார்கள். நாலரைக்கு எல்லோரையும் தியானத்துக்கு எழுப்ப முடிகிற இடத்தில், நாலு மணிக்கு அவர்களுக்கு ஒரு தட்டுச் சோறு வைக்க முடியாதா?

உங்கள் இல்லத்தில் நல்ல வழக்கங்களும் உண்டு, அவற்றையும் சொல்லவேண்டும். துறவறப் பயிற்சியில் இருக்கும் நவசந்நியாசச் சகோதரிகள் தவக்காலத்தில் விடுதிப் பாத்திரங்களைத் தேய்த்துக் கொடுத்தார்கள். பீடத்தில் பூ வைக்காமல் அந்தச் செலவை நிறுத்தினார்கள். யாருடைய தட்டிலும் கைவைக்காத ஒறுத்தல்கள் இவை. சுற்றறிக்கை வந்ததிலிருந்து அந்தப் பாத்திரம் தேய்ப்பது நின்றுபோனது ஏன் என்று தெரியவில்லை. தவக்காலத்துக்குள்தான் கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழாவும் வருகிறது. பெட்டி கட்டிப் படகேறிப் போய்க் கும்பிட்டு வருகிற இந்தச் சனத்துக்குத் தவமும் தெரியும், விருந்தும் தெரியும்.

காணிக்கைக்கு வழி வேண்டுமானால் பிடி அரிசி இருக்கிறது. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இல்லத்தில் இருபது பேர், நாற்பது நாள், தினம் ஒரு பிடி: 40 கிலோ அரிசி. கத்தோலிக்கப் பிள்ளைகளில் விரும்புகிறவர்கள் மிட்டாய்க் காசைச் சேர்க்கட்டும். ஆசிரியர்கள் விரும்பினால் தேநீரைக் குறைத்துக்கொள்ளட்டும். தானாகக் கொடுத்தால்தான் அது காணிக்கை.

எங்கள் கோரிக்கைகள் இவை. சுற்றறிக்கையை வரும் வெள்ளிக்கு முன் திரும்பப் பெறுங்கள். விடுதியில் பழைய உணவுப் பட்டியல், மீனும் முட்டையும் உட்பட, அன்றே தொடங்க வேண்டும். சத்துணவு முட்டையை மறுக்கச் சொல்லும் வாய்மொழி உத்தரவை வகுப்பாசிரியர்கள் வழியாகவே ரத்து செய்யுங்கள்.

வெள்ளியன்று இறைச்சி விலக்கு 14 வயது நிறைந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கட்டும், மற்றவர்களுக்கு விருப்பம்போல். ஒரு வேளை கஞ்சி வைத்தே ஆகவேண்டும் என்றால் நூறு பேருக்கு 7 கிலோ அரிசி, 3 கிலோ பாசிப்பருப்பு, 12 தேங்காய், கூடவே 4 கிலோ கொண்டைக்கடலைச் சுண்டல் என்ற அளவில் வையுங்கள். தலைக்குச் சுமார் 580 கலோரியும் 20 கிராம் புரதமும் வரும். இரவுக்கு அதை எடுத்துவைக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள்.

சமையலறை, காவல், தோட்டப் பணியாளர்களுக்கு முழுச் சாப்பாடு. நோன்பிருக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ரமலான் முடியும்வரை காலை நாலு மணிக்குச் சோறும், நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சியோ பேரீச்சம்பழமோ.

தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு நாலரை மணித் தியானமும் ஒன்பது மணிப் பேசா நேரமும் வேண்டாம். சிலுவைப்பாதை ஐந்தேகாலுக்கு, செருப்போடு, தண்ணீரோடு, வரிசைக்கு நடுவே இடைவெளி விட்டு. வர விரும்பாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது.

சாம்பல் புதன் முதல் இதுவரை உணவுக் கட்டணத்திலிருந்து மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு, எங்கே இருக்கிறது என்ற கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள். அந்தத் தொகையைத் தடைக்கால மாதங்களின் விடுதிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸை இறக்குங்கள். குருத்தோலைக்குப் பனையேறிகளிடம் விலை பேசி, முன்பணம் கொடுங்கள்.

பதிலை எழுத்தில், பெரிய வியாழனுக்கு முன், ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் இதே மடலை மறைமாவட்ட ஆயரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடமும் கொடுப்போம்.

இப்படிக்கு,
விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர், சமையலறைப் பணியாளர்கள், கடற்கரை ஊர்களின் உபதேசியார்கள்
ராமநாதபுரம் மாவட்டம், தவக்காலம் மூன்றாம் வாரம், 2026